மாதாவின் கூட்டுக்கு மூன்று தோள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன், மற்றவர்கள் சொல்லிக்காட்ட மிச்சம் இருக்கக் கூடாது. லண்டன் விக்ரோறியாவில் ஒரு பொறியியல் கந்தோரில் எனக்கு வேலை. மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது. இந்தக் குறுக்கு வளை எவ்வளவு பாரம் தாங்கும், அதில் எவ்வளவு இந்தத் தூணுக்குப் போகும், எவ்வளவு அந்தச் சுவருக்குப் போகும், எங்கே பிழை விட்டிருக்கிறார்கள் என்று சிவப்புப் பேனையோடு தேடுவதற்குத்தான் சம்பளம். பகல் முழுக்கப் பிழை பிடித்துவிட்டு மோர்டனுக்கு ரெயின் ஏறி வீட்டுக்கு வந்தாலும் வாய் அந்த வேலையை விடாது. பிழை பிடிக்க வீட்டில் அகப்படுகிறவர் என் மனுசன் ஒருவர்தான்.

மனுசனின் பெயர் கிறிஸ்துநாயகம். பக்கத்தில் மிச்சம் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில், கதவு பூட்டித் திறக்கிற கெயார்ரேக்கராக இருக்கிறார். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கலியாணப் படத்தில் அவர் கோயில் வாசலின் மேற்படியில் நிற்கிறார், நான் கீழ்ப்படியில். கோபம் என்றால் என்னவென்று தெரியாத பிறவி. நான் கத்தத் தொடங்கினால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்து, "சரியப்பா, நீர் சொல்லுறது சரிதான்" என்பார். அதைக் கேட்க எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வரும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, பியற்றிஸ். எண்பத்தேழாம் ஆண்டு மார்ச் மாதம், பதின்மூன்று கிழமை முந்திப் பிறந்தாள். நிறை ஒன்றே முக்கால் றாத்தல், ஒரு கிலோகூட இல்லை. கடையில் வாங்குகிற இரண்டு றாத்தல் பாண் அவளைவிடப் பாரம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். டொக்டர்மார் நாளையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, நேர்ஸ் சொல்லும் நிறையை நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதினேன். மனுசன் ஊரில் இருக்கிற மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். பிள்ளையைத் தந்தால் ஏழு வருசம் திருநாளுக்குக் கூடு சுமக்கிறேன் என்று.

கூடு என்றால், மாதாவின் சுருவத்தை, அதாவது சிலையை நிறுத்தி, மேலே விதானம் கட்டி, சுற்றிவரப் பூ வைத்த மரத்தட்டு. அடியில் இரண்டு நீளத் தடிகள். முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேர், நாலு தோளில் ஏற்றிக்கொண்டு சுற்றுப்பிரகாரம் போவார்கள். மோர்டனில் எங்கள் கோயிலிலும் ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை அது நடக்கும். கவுன்சிலிடம் அனுமதி எடுத்து, முன்னால் ஒரு பொலிஸ்காரர் நடக்க, செபமாலை சொல்லிக்கொண்டு இரண்டு தெரு சுற்றி வருவோம். வெள்ளைக்காரச் சனம் யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கும்.

பிள்ளை பிழைத்தாள். மனுசன் அந்த வருசமே கூட்டின் பின்பக்க இடது தோளுக்குப் போய்விட்டார். ஆறு வருசம் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து ஒரே கதைதான்.

"பஞ்சு மாதிரிக் கிடந்ததப்பா. எனக்கு ஒரு பாரமும் தெரியேல்லை. மாதா எனக்கெண்டு லேசாக்கித் தாறா."

சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும். நான் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனால் இப்படியான அற்புதங்களை நம்புகிறவள் இல்லை. என்றாலும் ஒன்றும் சொன்னதில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நடக்கிறவளுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுச் சுற்றுப்பிரகாரத்தில்தான் முதல்முறையாகக் கமெராவோடு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். அந்த பிலிம் றோல் முடியும் என்று பார்த்தால் முடியவில்லை. முப்பத்தாறு படத்தில் திருநாள், டிசம்பரில் நத்தார், பியற்றிசின் ஆறாவது பிறந்தநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் எடுத்து, அடுத்த ஜூலையில்தான் கழுவக் கொடுத்தோம். திருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது படங்கள் வந்தன. சனிக்கிழமைக் காலை, குசினி மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தோம்.

கூடு தூக்கிய படம் நல்ல வெளிச்சமாக விழுந்திருந்தது. இவர் கண்ணை மூடிச் செபிக்கிறார். தோளில் மடித்துப் போட்ட துவாய். ஒரு கையால் தடியைப் பிடித்திருக்கிறார். துவாய்க்கும் தடிக்கும் நடுவில், பின்னால் நின்ற சிவப்புத் தபால்பெட்டி தெளிவாகத் தெரிகிறது.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். படத்தை மற்றப் படங்களுக்கு அடியில் தள்ளியிருக்கலாம். நான் செய்தது என்ன தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தேன்.

"என்ன கோதாரியப்பா இது! தடி உங்கடை தோளிலை படவேயில்லை! மற்ற மூண்டு பேரும் உயரம், நீங்கள் கட்டை. ஆறு வருசமாய் ஒரு அவுன்சு பாரம்கூட நீங்கள் தூக்கேல்லை. பஞ்சு மாதிரி இல்லாமல் பின்னை எப்பிடி இருக்கும்?"

வழக்கம்போல "சரியப்பா" என்பார் என்று பார்த்தேன். அவர் படத்தை எடுத்து யன்னலடியில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"அப்ப அவ லேசாக்கித் தரேல்லை," என்றார். "நான்தான் தூக்கேல்லை."

படத்தை மேசையில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய், வெட்டவேண்டிய தேவை இல்லாத புல்லை வெட்டத் தொடங்கினார். என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஐயோ கத்தரின், என்ன வேலை பார்த்தாய் என்று என்னை நானே திட்டினேன்.

அந்தக் கிழமை முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பியற்றிசுக்கு இருமல் வந்தது. அவளுக்கு வருசம் முழுக்க இருமல் வரும், அவ்வளவு சின்ன நெஞ்சோடு பிறந்த பிள்ளை. ஆனால் இந்த முறை அவள் இருமும்போதெல்லாம் இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது. நேர்த்தி கொடுபடவில்லை. பிள்ளையை வாங்கியாயிற்று, சொன்ன சொல்லைக் காக்கவில்லை.

எங்கள் கோயில் குருவானவர் அருட்பிரகாசம் சுவாமியிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், மன்னார்ப் பக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடவுள் உங்கடை மனசைத்தான் பாக்கிறவர், கிறிஸ்துநாயகம். நீங்கள் தூக்கிறன் எண்டு நினைச்சுத்தானே நடந்தனீங்கள்? அது காணும்," என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "சுவாமி, நான் மனசைத் தாறன் எண்டு நேரேல்லை," என்றார். "தோளைத் தாறன் எண்டுதான் நேர்ந்தனான்."

சுவாமி அவருடைய தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "ஏன் இந்தப் பாடு? மூண்டு அங்குலத்துக்கு ஒரு தலையணை தைச்சுத் தாறன், தோளிலை வைச்சுக்கொண்டு தூக்குங்கோ," என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அது சரிவராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. நாலு கால் மேசை ஒன்று ஆடினால் ஒரு காலுக்கு அடியில் பேப்பர் மடித்து வைக்கிறோம். அதை அடுத்த அறைக்கு இழுத்தால் திரும்பவும் ஆடும், ஏனென்றால் அங்கே நிலம் வேறு. கூடு தெருவில் நடக்கிற மேசை. ஒருவர் நடைபாதையில் கால்வைக்க மற்றவர் குழியில் வைப்பார். பாரம் இவரிடம் வரும், போகும். எப்போது வந்தது, எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

"அப்பிடியெண்டால் வேண்டாம்," என்றார். "தூக்கினனோ இல்லையோ எண்ட சந்தேகத்தோடை இன்னொரு வருசம் என்னாலை நடக்க ஏலாது."

அடுத்தநாள் காலை ரெயினில் வேலைக்குப் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். மேசைதானே ஆடும், முக்காலி ஆடாதே! முற்றத்து மண்ணில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினால், கல் ஏற்ற இறக்கமாக இருந்தாலும் பானை மூன்றிலும் இருக்கும். மூன்று இடத்தில் தாங்கினால் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பாரம் என்று பென்சிலால் எழுதிவிடலாம், யார் கட்டை யார் நெட்டை என்பது அதை மாற்றாது. நாலாவது வந்தால்தான் ஒளித்துக்கொள்ள இடம் வருகிறது. பல்கலைக்கழகத்தில் முதல் வருசத்தில் படித்த விசயம், இவ்வளவு வருசமும் மற்றவர்களின் கட்டடங்களுக்குப் பாவித்துவிட்டு என் மனுசனுக்கு என்று யோசிக்காமல் இருந்திருக்கிறேன். ஸ்ரொக்வெல்லில் இறங்கி ரெயின் மாறவேண்டும், மறந்துபோய் இரண்டு ஸ்ரேசன் தாண்டிப் போய்விட்டேன்.

கூட்டை மூன்று தோளுக்கு மாற்ற வேண்டுமென்றால் திருநாள் சங்கம் சம்மதிக்கவேண்டும். சங்கத் தலைவர் செபமாலைமுத்து அண்ணை. தபால் கந்தோரில் வேலை, நல்ல உடம்பு, அதற்கேற்ற குரல். கூட்டின் முன்பக்க வலத் தோள் அவருடையது. ஒவ்வொரு வருசமும் தூக்கி முடிய இரண்டு நாள் சிக் லீவு எடுத்துத் தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டு படுத்திருப்பார். ரெலிபோன் எடுக்கிற எல்லாருக்கும் அந்தத் தோளின் கதை சொல்லப்படும்.

"மூண்டு பேரோ?" என்றார் அவர். "எங்கடை கோயில்களிலை எந்தக் காலத்திலையடி பிள்ளை மூண்டு பேர் கூடு தூக்கினவை? கொப்பர் அறிஞ்சாரோ, கொப்பற்றை கொப்பர் அறிஞ்சாரோ? உம்மடை கந்தோரிலை போய்ச் சொல்லும் உந்தக் கதையை."

எனக்கு ஏறிவிட்டது. "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மண்டபத்துக்கு வாருங்கோ. ஆர் எவ்வளவு தூக்கிறியள் எண்டு நான் காட்டிறன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுக் குளியலறைகளில் நிறை பார்க்கிற தராசு இல்லை. எல்லாம் என்னிடம் இருந்தன. கூடு தூக்குகிற நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, தையல் நாடாவால் தோளின் உயரத்தை அளந்தேன். செபமாலைமுத்து அண்ணை, அவருக்கு இடப்பக்கம் தூக்கும் யோகராஜா, பின்பக்க வலம் தூக்கும் பீற்றர் என்கிற பெடியன், மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். என் மனுசன் மூன்று அங்குலம் குறைவு. யோகராஜா சைவக்காரர், பலகைக் கடையில் வேலை. மடு மாதாவிடம் யார் எவர் என்ற கணக்கில்லை என்று தானாக உதவிக்கு வருகிறவர்.

நாலு மேசை வைத்து, அவற்றின்மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, ஒவ்வொருவருடைய தோள் உயரத்துக்கும் கொண்டுவந்தேன். புத்தகத்தின்மேல் தராசு. தராசின்மேல் கூட்டின் தடி. சுருவத்துக்குப் பதிலாகத் தட்டின் நடுவில் அதே நிறைக்கு மூன்று அரிசி மூட்டை. கூடும் அரிசியும் சேர்த்து எழுபத்திரண்டு கிலோ.

"வாசியுங்கோ," என்றேன்.

பீற்றர் குனிந்து பார்த்தான். "எனக்கு முப்பத்தாறுக்குக் கிட்ட, அன்ரி."

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு," என்றார் யோகராஜா.

என் மனுசனின் தராசில் தடி படவேயில்லை. முள் பூச்சியத்தில் நின்றது. அது எல்லாருக்கும் தெரிந்த விசயம். செபமாலைமுத்து அண்ணை தன்னுடைய தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாசிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ. அதுவும் ஒரு அரிசி மூட்டை கொஞ்சம் அவர் பக்கமாகச் சரிந்திருந்ததால் வந்தது.

"ஒரு மூலை தாங்காவிட்டால் அதுக்கு எதிர்மூலையும் தாங்காது, அண்ணை," என்று விளங்கப்படுத்தினேன். வெற்றிக் களிப்பு, என்ன செய்ய. "மற்றக் குறுக்குமூலை இரண்டும்தான் முழுக்கத் தாங்கும். நடுப்பாரம் அந்தக் கோட்டிலைதானே கிடக்கு."

"அட, அப்ப இவ்வளவு நாளும் நானும் பீற்றரும்தானோ தூக்கினது!" என்று யோகராஜா வாய்விட்டுச் சிரித்தார். "நான் ஒரு நேர்த்தியும் வைக்கேல்லை ஐயா, சும்மா கைகுடுக்க வந்தனான்!"

"தராசு பழுது," என்றார் செபமாலைமுத்து அண்ணை.

தராசை மாற்றி வைத்தேன். ஒரு கிலோ.

அவர் பக்கத்தில் கிடந்த கதிரையில் போய் இருந்தார். தோளைத் தடவினார். பொய்யாக நோ சொன்னவர் இல்லை அவர், பாரத்தை எதிர்பார்த்துத் தோளை இறுக்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்தால் யாருக்கும் நோகும்தான்.

"எனக்கும் நேர்த்திதான்," என்றார். "தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போய் ஏழு வருசம். வந்தால் தூக்கிறன் எண்டில்லை, வரும்வரைக்கும் தூக்கிறன் எண்டு நேர்ந்தனான்." என்னைப் பார்த்துக் கேட்டார். "அதுதானோ பிள்ளை அவன் இன்னும் வரேல்லை?"

யோகராஜாவின் சிரிப்பு எங்கே போனதோ. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "ஐயோ இல்லை அண்ணை, அப்பிடியில்லை, அப்பிடி நினையாதேங்கோ," என்று சொன்னேன். கணக்கில் எதையும் நிறுவுகிற எனக்கு இதை நிறுவ வழி தெரியவில்லை.

என் மனுசன்தான் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். ஒரு கிழமையாக ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மனுசன் பேசினார்.

"அண்ணை, எங்களுக்குத் தெரியாமல் நடந்தது. மாதாவுக்கு அது தெரியும். இப்ப எங்களுக்கும் தெரியும். இனித் தூக்குவம். நீங்கள் முன்னுக்கு, நான் பின்னுக்கு."

செபமாலைமுத்து அண்ணை அவருடைய கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு மூக்கைச் சீறி, வழக்கமான குரலை எடுத்துக்கொண்டு, "பிள்ளை, உம்மடை மூண்டு தோள் கூட்டை ஒருக்கா வரைஞ்சு காட்டும்," என்றார்.

படம் போட்டேன். முன்பக்கம் அப்படியே இரண்டு தடி, ஒன்று அண்ணைக்கு, யோகராஜா விட்டுக்கொடுத்த மற்றது பீற்றருக்கு. பின்பக்கம் இரண்டு தடியையும் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்து, அதன் நடுவிலிருந்து ஒரே ஒரு கட்டைத் தடி. மாதா சரிந்து நிற்காமல் இருக்க அந்தத் தடியை மூன்று அங்குலம் பதித்து வரைந்தேன். யோகராஜா நல்ல மரம் பார்த்துக் கடையிலேயே அறுத்துக் கொண்டுவந்தார். எங்கள் பின்வளவில் வைத்து அவரும் என் மனுசனும் பொருத்திப் பூட்டினார்கள்.

பூட்டும்போது என் மனுசன் படத்தைப் பார்த்து, "மாதா ஏன் முன்னுக்குத் தள்ளி நிக்கிறா?" என்று கேட்டார்.

"அப்பிடி வைச்சால்தான் மூண்டு பேருக்கும் சமன். ஆளுக்கு இருபத்துநாலு கிலோ."

"நடுவிலை வைச்சால்?"

"நடுவிலை வைச்சால் முன்னுக்கு நிக்கிறவைக்குப் பதினெட்டுப் பதினெட்டு. உங்களுக்கு முப்பத்தாறு."

"அப்ப நடுவிலை வையும்."

"உங்களுக்கென்ன விசரே? முதுகு முறிஞ்சால் ஆர் பாக்கிறது?"

"நீர்தான்," என்றார். அந்தப் படங்கள் கழுவி வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். "மாதா எப்பவும் நடுவிலைதானப்பா நிக்கிறவ."

அந்தச் சிரிப்புக்காகப் படத்தைத் திருத்தினேன். ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூன்று தோளில் மிச்சம் என்று ஒன்றுமில்லை. நாலில் ஒருவர் தும்மலாம், வேர்வை துடைக்கலாம், மற்றவர்கள் சமாளிப்பார்கள். மூன்றில் ஒருவர் விலகினால் கூடு விழும். அந்தப் பின் தோள் சறுக்கினால் மாதா தெருவில், என் மனுசன் மாதாவுக்கு அடியில்.

திருநாள் அன்று நல்ல வெயில். சுவாமி கூட்டை ஆசீர்வதித்தார். அண்ணையும் பீற்றரும் முன்னால் குனிந்தார்கள், இவர் பின்னால் குனிந்தார். "எழும்புவம்" என்று அண்ணை சொல்ல, மூவரும் எழும்பினார்கள். என் மனுசனின் முகத்தைப் பார்த்தேன். கண் அகலத் திறந்தது. தடி தோளுக்குள் புதைந்து நின்றது, துவாய் நசிந்துபோயிருந்தது. அவர் அப்படி ஒரு பாரத்தை எதிர்பார்க்கவில்லை.

நடந்தார்கள். நான் பியற்றிசின் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். மற்றப் பக்கம் யோகராஜா. முதல் தெரு முடியுமுன்னே அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. சனம் அருள்நிறை மரியே சொல்லுகிறது, நான் அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் தெரு திரும்புகிற இடத்தில் நடைபாதை ஒரு படி உயரும். அதில் ஏறினவுடன் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. நின்றார். முன்னால் போனவர்களும் நின்றார்கள். விதானத்துக் குஞ்சங்கள் ஆடின.

"நான் பிடிக்கட்டே, அண்ணை?" என்று யோகராஜா கையை நீட்டினார்.

"வேண்டாம்." மூச்சு வாங்கியது. முகத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்தார். "கத்தரின், உம்மடை கணக்கு சரிதானே?"

"என்ன கணக்கு?"

"என்ரை தோளிலை கிடக்கிறது பாதிதானே?"

"பாதிதான்," என்றேன். "சரி பாதி. ஒரு அவுன்சும் குறையாது."

"அப்ப போவம்," என்றார்.

போனார். கந்தோரில் இருபது மாடிக் கட்டடத்துக்குக் கையெழுத்து வைத்தபோதும் நான் அப்படிப் பயந்ததில்லை. அந்த மனுசன் என் கணக்கை நம்பி அடி எடுத்து வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு அவரில் வந்த அன்பை எப்படிச் சொல்வேன், கலியாணம் கட்டிய நாளில்கூட எனக்கு அவ்வளவு வரவில்லை.

கோயில் வாசலில் கூட்டை இறக்கி மேசையில் வைத்தார்கள். செபமாலைமுத்து அண்ணை தோளைத் தடவவில்லை. மாதாவின் காலடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். நான் என் மனுசனை மண்டபக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சேட்டைக் கழற்றினேன். தோள் சிவந்து வீங்கி, தடியின் விளிம்பு பட்ட இடத்தில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றி வைத்தேன்.

"நோகுதா அப்பா?" என்று பியற்றிஸ் இங்கிலீசில் கேட்டாள்.

"ஓம் குஞ்சு. நல்லாய் நோகுது." முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. "பாரமப்பா," என்றார் என்னிடம். "என்ரை ஆண்டவரே, என்ன பாரம்!"

"சரி, காணும். ஏழு வருசமும் முடிஞ்சுது. இனி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினால் போதும்."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

"எங்கை முடிஞ்சுது? இதுதானே முதலாவது."

"என்ன முதலாவது?"

"இது முதலாம் வருசம். இன்னும் ஆறு கிடக்கு."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். இப்போதே உங்களுக்கு நாற்பத்தைந்து, முடியும்போது ஐம்பத்தொன்று என்று சொல்லத்தான் கணக்கைக் கூட்டினேன். கூட்டும்போது மற்றக் கணக்கும் கூடவே வந்துவிட்டது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. பியற்றிசுக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டு! நான் ஒருநாளும் அவளுடைய வயதை அவ்வளவு தூரத்துக்கு எண்ணிப் பார்த்ததில்லை. எல்லாத் தாய்மாரும் வளரட்டும் என்று ஒரு அளவு பெரிய சப்பாத்து வாங்குவார்கள், நான் இந்த ஆறு வருசமும் சரியான அளவில்தான் வாங்கியிருக்கிறேன். இந்த மனுசன் வீங்கின தோளோடு இருந்துகொண்டு, இன்னும் ஆறு ஓகஸ்டுக்கு அவள் பக்கத்தில் நடந்து வருவாள் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்.

அழுதுவிட்டேன். பிள்ளைக்கு முன்னால், வாய்விட்டு.

"ஏனப்பா, என்னப்பா?" என்று பதறினார்.

"அந்தத் தடியின்ரை விளிம்பை உருட்டிச் சீவவேணும்," என்றேன். "வாற வருசத்துக்கு."